குளத்துப் பொட்டலில் ஆள்காட்டிக் கூடு: மிதிக்காமல் கண்டுபிடித்து, குஞ்சு இறங்கும்வரை பார்த்துக்கொள்ள முழு வழிகாட்டி

ஜனவரியில் நம் திருநெல்வேலிப் பக்கத்துக் குளங்களுக்கு ஆட்கள் வருகிறார்கள். 2011-லிருந்து நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு ஒரு கூட்டம், கூந்தன்குளத்தில் நாரையும் வரித்தலை வாத்தும் பார்க்க இன்னொரு கூட்டம். ஏப்ரலில் அதே குளங்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் தரையில் முட்டை வைக்கும் பூச்சிதின்னிப் பறவைகளுக்கு அதுதான் பேறுகாலம். அதே மாதங்களில்தான் ஆட்டுக்கிடை இறங்கும், கரம்பை (குளத்து வண்டல் மண்) அள்ளும் டிராக்டர் இறங்கும், பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு இறங்குவார்கள்.

கூட்டைக் காப்பாற்ற முதலில் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் ஆர்வத்தோடு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் முதல் நாளே குளத்துக்குள் இறங்கிக் குனிந்து தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்படித் தேடினால் கூடு கிடைக்காது, கிடைத்தால் காலுக்கு அடியில்தான் கிடைக்கும். கீழே சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்காகத்தான் இருக்கிறது.

1. எந்தப் பறவை என்று முதலில் தெளிவாகுங்கள்

நம் குளங்களில் இந்த வேலைக்கு நாலு பறவைகள் போதும். சிவப்பு மூக்கு ஆள்காட்டி எல்லாருக்கும் தெரியும். கறுத்த நெஞ்சு, கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, ஆளைக் கண்டதும் ஊரைக் கூட்டுகிற கத்தல். ஊரில் ஆக்காட்டி என்பார்கள். இது தண்ணீர் மிச்சமிருக்கும் பக்கத்தில் இருக்கும். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி அதைவிட மெலிந்தது. கறுப்புத் தொப்பி, அதன் கீழே வெள்ளைக் கோடு, அலகு ஓரத்தில் மஞ்சள் சதை, மஞ்சள் கால். தண்ணீரே இல்லாத சரளைப் பொட்டலில்கூட இருக்கும்.

மூன்றாவது பட்டாணி உப்புக்கொத்தி. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது, கழுத்தில் கறுப்பு வளையம், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், ஓடி நின்று ஓடி நின்று இரை எடுக்கும். நாலாவது சின்னப் பிரட்டின்கோல். மண் நிறம், குட்டைக் கால், பறக்கும்போது தகைவிலான் மாதிரியே இருக்கும், சாயங்காலம் தண்ணீருக்கு மேலே கூட்டமாகப் பூச்சி பிடிக்கும். பலரும் இதைத் தகைவிலான் என்றே எழுதிவிடுகிறார்கள். தரையில் உட்காருகிறதா என்று பாருங்கள். தகைவிலான் கம்பியில் உட்காரும், இது வெறும் மணலில் உட்கார்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இந்த நாலும் இன்னும் கண்ணில் படுகிற பறவைகள்தானே, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கிறார்கள். வடக்கே சம்பல் போன்ற ஆறுகளின் மணல் திட்டுகளில் பிரட்டின்கோல்களுக்குப் பக்கத்திலேயே முட்டை வைக்கும் கருவயிற்று ஆலா என்று ஒன்று உண்டு, பூச்சியும் சின்ன மீனும் தின்னும். அது இன்று உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தாய்லாந்து, கம்போடியா பக்கமெல்லாம் ஒரு காலத்தில் இருந்து இப்போது இல்லாமல் போய்விட்டது. முட்டை எடுப்பதும், திட்டில் ஆடுமாடும் நாயும் ஏறுவதும், மணல் அள்ளுவதும், அணையிலிருந்து நேரங்கெட்டுத் தண்ணீர் வருவதும்தான் அதற்குச் சொல்லும் காரணங்கள். நம் குளத்துப் பொட்டலில் நடப்பதும் கிட்டத்தட்ட அதே பட்டியல்தான். எனக்கு இந்த வேலையில் இருக்கும் அக்கறை அங்கிருந்து வந்தது.

2. காலத்தையும் குளத்தையும் தேர்ந்தெடுங்கள்

வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த குளம் பிசான நெல் அறுவடை முடியும்போது வற்ற ஆரம்பிக்கும். உள்வாயில், அதாவது கரைக்கு உள்பக்கத் தரையில், தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க மேட்டுத் தரை வெளியே வரும். அந்தத் தரைதான் கூட்டுக்கான இடம். பிரட்டின்கோல் பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்கிவிடும். மஞ்சள் மூக்கும் உப்புக்கொத்தியும் மார்ச்சிலிருந்து மே வரை. சிவப்பு மூக்கு மார்ச்சில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரைகூட இழுக்கும்.

அதனால் பிப்ரவரி கடைசியில் முதல் நடை போங்கள். அப்போது கூடு தேட வேண்டாம், தண்ணீர் எதுவரை இருக்கிறது, எந்தப் பக்கம் மேடு, எங்கே ஜோடி ஜோடியாக நிற்கின்றன என்று மட்டும் பாருங்கள். மே மாதம் முதல்முறையாக வந்து இங்கே ஒன்றுமே இல்லையே என்று போனவர்கள் நிறைய. ஒரு சுற்றுக் குஞ்சுகள் அதற்குள் இறங்கிப் போயிருக்கும்.

குளம் எது? புதிதாக வருகிறவர்களுக்கு நான் சின்னக் குளத்தைத்தான் சொல்வேன். விஜயநாராயணம் பெரியகுளம் மாதிரி கடல்போல் கிடக்கும் இடத்தில் தொடங்கினால் ஒரு மூலையைப் பார்ப்பதற்குள் வெயில் ஏறிவிடும். கூந்தன்குளம் வேண்டாம், அது சரணாலயம், அங்கே எந்த வேலையும் வனத்துறை அனுமதியோடுதான். உங்கள் ஊர்க் குளம், கரையில் நடந்தால் அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடியது, வாரம் இரண்டு முறை சைக்கிளில் போய்வர முடிந்தது, அது போதும். தூரத்துப் பெரிய குளத்துக்கு மாதம் ஒரு முறை போவதால் இந்த வேலைக்குப் பயன் ஒன்றும் இல்லை.

உள்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம் மூடிய குளத்தை விட்டுவிடுங்கள். இந்தப் பறவைகளுக்குச் சுற்றிலும் திறந்த வெளி வேண்டும். நரியோ நாயோ வருவதை தூரத்திலேயே பார்த்தால்தான் கூட்டைவிட்டு நேரத்தோடு நழுவ முடியும்.

3. குளத்துக்குப் போகும் முன் ஊருக்குள் போங்கள்

இதைத் தவிர்த்தவர்கள் எல்லாரும் பின்னால் வருந்தினார்கள். குளம் வெறும் நிலமாகத் தெரியும், ஆனால் அதில் நாலு பேருக்கு உரிமை இருக்கும். மீன் பாசி ஏலம் (குளத்து மீனைப் பிடிக்கும் உரிமை) எடுத்தவர் ஒருவர். மடை திறக்கிறவர் ஒருவர். ஆடு மேய்க்கிறவர்கள். கரம்பை அள்ள அனுமதி வாங்கியவர்கள். பைனாகுலரோடு புது ஆள் கரையில் உட்கார்ந்திருந்தால் மீன் திருட வந்தவன் என்றோ, குளத்தை அளக்க வந்தவன் என்றோதான் நினைப்பார்கள். அதில் தப்பும் இல்லை.

முதலில் டீக்கடையில் உட்கார்ந்து நீங்கள் யார், எதற்கு வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் ஆடு மேய்க்கிறவரைத் தேடிப் பிடியுங்கள். பறவை பார்க்கிறவர்களைவிட அவருக்குத்தான் கூடு தெரியும். "ஆக்காட்டி எங்க அண்ணாச்சி முட்டை வச்சிருக்கு?" என்று நேராகக் கேட்காதீர்கள். முட்டை எடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார். "எந்தப் பக்கம் போனா ரொம்பக் கத்துது?" என்று கேளுங்கள். "அந்தா, ஒத்தப் பனைக்கு நேரா ஆடு போனாப் போதும், தலைக்கு மேல வந்து அடிக்குய்யா" என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியம் உங்களுக்கு மூன்று நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஒன்றை அவரிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆடு மேய்வதைத் தடுக்க நீங்கள் வரவில்லை. இது வெறும் சமாதானப் பேச்சு அல்ல, உண்மை. ஆடுமாடு மேய்ந்தால்தான் புல் குட்டையாக இருக்கும், சாணத்தில் வண்டும் புழுவும் சேரும், இந்தப் பறவைகள் தின்பதே அந்த வண்டும் கறையானும் எறும்பும் வெட்டுக்கிளியும்தான். மேய்ச்சல் நின்ற குளத்தில் இரண்டு வருஷத்தில் முள் ஏறிவிடும், ஆள்காட்டி இடம் மாறிவிடும்.

4. கையில் இருக்க வேண்டியவை

எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் ஒன்று. கோடு போட்ட நோட்டு, பென்சில் (வியர்வையில் பேனா மை கரைந்துவிடும்). கடிகாரம். தண்ணீர் இரண்டு லிட்டர். தொப்பி. மண் நிறச் சட்டை. கணுக்கால் மூடிய செருப்பு அல்லது ஷூ, வெடிப்புகளில் விரியன் கிடக்கும். ஒரு பழைய சாக்கு, கரையில் உட்கார.

பெரிய லென்ஸ் கேமரா முதல் மாதம் வேண்டாம். கேமரா இருந்தால் கை சும்மா இருக்காது, இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் நன்றாக வரும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். பறவைக் குரலைப் போனில் போட்டுக் கூப்பிடுவதும் கூடாது. கூட்டில் இருக்கும் பறவை எதிரி வந்துவிட்டது என்று எழுந்து போய்விடும்.

காய்ந்த குளம் என்று நம்பி நடுப்பக்கம் நடக்காதீர்கள். மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், ஒரு சாண் கீழே சகதியாக இருக்கும், முழங்கால்வரை இறங்கிவிடும். தனியாகப் போவதாக இருந்தால் வீட்டில் எந்தக் குளம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

5. கரையில் உட்காருங்கள், எழுந்திருக்காதீர்கள்

வேலையின் முக்கால் பங்கு இதுதான், எல்லாரும் அவசரப்படுவதும் இங்கேதான்.

காலை 6 மணிக்குக் கரைக்கு வந்துவிடுங்கள், அல்லது சாயங்காலம் 4.30-க்கு மேல். கரையின் உச்சியில் வானத்தை முதுகுக்கு வைத்து நிற்காதீர்கள், ஒரு பனை மூட்டிலோ வேப்பமர நிழலிலோ சாக்கை விரித்து உட்காருங்கள். நீங்கள் வந்ததும் பறவைகள் கத்தும். கத்தட்டும். இருபது நிமிடமாவது அசையாமல் இருந்தால் அடங்கும். அதற்கு முன் பார்த்த எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஆள்காட்டி கத்துகிற இடத்தில் கூடு இருக்காது. இதை நூறு முறை சொன்னாலும் புதிதாக வருகிறவர்கள் கத்துகிற இடத்தைத்தான் நோக்கி நடக்கிறார்கள். அடைகாக்கும் பறவை ஆளைத் தூரத்தில் பார்த்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டு சத்தமில்லாமல் நடந்து நழுவும், கூட்டிலிருந்து நன்றாக விலகிய பிறகுதான் பறந்து கத்தும். மற்ற துணையும் வேறு பக்கம் நின்று கத்தும். இறக்கை ஒடிந்தது மாதிரி இழுத்து நடிப்பதும் உண்டு. பின்னாலேயே போனால் கூட்டுக்கு எதிர்த்திசையில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும்.

ஆக, பறவை போவதைப் பார்க்காதீர்கள், திரும்பி வருவதைப் பாருங்கள். அடங்கிய பிறகு ஒன்று மெல்ல நடந்து வரும். நாலு அடி நடக்கும், நிற்கும், தரையைக் கொத்துகிற மாதிரி பாவனை செய்யும், மறுபடி நடக்கும். கடைசியில் ஓரிடத்தில் நின்று குனிந்து பார்த்து, வயிற்று இறகை உப்பி, இப்படியும் அப்படியும் அசைத்து மெதுவாக உட்காரும். அதுதான் கூடு.

அவசரப்பட்டுக் குறித்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் இவை பொய்யாகவும் உட்காரும், முட்டையே இல்லாத இடத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடும். உப்புக்கொத்தி இதில் கெட்டிக்காரப் பறவை. பதினைந்து நிமிடத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் பாதி உறுதி. துணை வந்து இடம் மாற்றிக்கொண்டால் முழு உறுதி. அடுத்த நாளும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால் நோட்டில் எழுதுங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. வெயில் ஏறும்போது ஆள்காட்டி எழுந்து நேராக மிச்சத் தண்ணீருக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு, எங்கும் நிற்காமல் நேராகத் திரும்பி வரும். ஈர வயிற்றால் முட்டையைக் குளிர வைக்கத்தான். காலை 9 மணிவாக்கில் இதை நிழலிலிருந்து பார்த்துவிட்டால் கூட்டின் திசை கையில் கிடைத்த மாதிரி. அந்தத் தண்ணீர்க் குட்டை எங்கே என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏன் என்று ஒன்பதாவது படியில் வரும்.

பிரட்டின்கோல் மட்டும் வேறு கணக்கு. தனித்தனியாக இல்லாமல் கூட்டமாக வைக்கும், ஒரு மணல் மேட்டில் பல கூடுகள் இருக்கும். அதில் ஒவ்வொரு கூடாகக் குறிக்க முயல வேண்டாம். மேட்டின் எல்லையை மட்டும் குறித்து, உட்கார்ந்திருக்கும் பறவைகளை எண்ணினால் போதும். உள்ளே ஒரு அடி வைத்தாலும் எந்த முட்டை உங்கள் காலுக்கு அடியில் என்று தெரியாது.

6. இரண்டு கோடு போட்டு இடத்தைக் குறியுங்கள்

கூட்டுப் பக்கத்தில் கல் அடுக்குவது, குச்சி நடுவது, துணி கட்டுவது மூன்றும் கூடாது. ஒரு முறை ஆர்வமாக வந்த கல்லூரிப் பையன் ஒருவன் கூட்டிலிருந்து நாலடி தள்ளி வெள்ளைத் துணி கட்டிய குச்சியை நட்டுவிட்டு வந்தான், மாடு மிதிக்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில். மறுநாள் குச்சியின் மேல் காக்கா உட்கார்ந்திருந்தது. முட்டை ஒன்றும் இல்லை. வெட்டவெளியில் குச்சி நட்டால் காக்காவுக்கு உட்கார இடமும் கிடைக்கும், பையன்களுக்கு இங்கே என்னவோ இருக்கிறது என்றும் தெரிந்துவிடும்.

அதற்குப் பதில் கரையிலிருந்தே குறிக்கலாம். மடைமேல் நின்று கூட்டைப் பாருங்கள். அதற்கு நேர் பின்னால் எதிர்க்கரையில் என்ன தெரிகிறது? ஒற்றைப் பனையா, மின்கம்பமா, கோயில் கோபுரமா? "மடையிலிருந்து, வலதுபக்க இரட்டைப் பனைக்கு நேர்" என்று எழுதுங்கள். அப்புறம் நடந்து மறுகால் சுவருக்கு (மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் இடம்) போய் இதேபோல் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் கூடு. இரண்டு இடத்திலிருந்தும் போனில் ஒரு படம் எடுத்து, படத்தின்மேல் விரலால் ஒரு புள்ளி வையுங்கள்.

போன் வரைபடத்தில் புள்ளி வைத்தால் போதாதா என்பார்கள். அதற்குக் கூட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், நின்றாலும் சில மீட்டர் தள்ளிக் காட்டும். இரண்டு கோட்டு முறைக்குக் குளத்துக்குள் இறங்கவே வேண்டாம்.

7. கிட்டே போவது ஒரே ஒரு முறை

முட்டை எத்தனை என்று தெரிந்தால் நாள் கணக்குப் போடலாம். அதற்காக மட்டும் ஒரு முறை போகலாம். போகாமலேயே விட்டாலும் தப்பில்லை, முதல் வருஷம் போகாமல் இருப்பதே நல்லது என்பேன்.

போவதாக இருந்தால் காலை 8 மணிக்கு முன். சுற்றுமுற்றும் காக்கா, நாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் அன்றைக்கு வேண்டாம். நாம் எதைக் குனிந்து பார்க்கிறோம் என்று காக்கா கவனித்துக்கொண்டே இருக்கும். கூட்டை நோக்கி நேராகப் போய், அங்கேயே நின்று, அதே வழியில் திரும்பாதீர்கள். கூட்டைக் கடந்து போகிறவர் மாதிரி ஐந்தடி தள்ளி நடந்து, நிற்காமல் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கமாக வெளியேறுங்கள். கூட்டில் முடிகிற தடம் நாய்க்கு வழிகாட்டி. ஒவ்வொரு அடியும் தரையைப் பார்த்து வையுங்கள், பக்கத்தில் இன்னொரு ஜோடியின் கூடு இருக்கலாம்.

நீங்கள் பார்க்கப் போவது பெரிய கூடு எதுவும் இல்லை. தரையில் லேசாக ஒரு குழி, அதைச் சுற்றிச் சின்னக் கூழாங்கல், ஆட்டுப் புழுக்கை, காய்ந்த மண் கட்டி. ஆள்காட்டிக்குப் பெரும்பாலும் நாலு முட்டை, கூர் முனைகள் நடுவில் சேர்ந்து பூப்போல் இருக்கும். மண்ணின் நிறமும் கறுப்புத் திட்டும் கலந்து, கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் காணாமல் போகும். தொடக் கூடாது. எத்தனை நாள் முட்டை என்று அறியத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் முறையை எங்கேயோ படித்துவிட்டுக் கேட்கிறவர்கள் உண்டு, அது பயிற்சியும் அனுமதியும் பெற்ற ஆய்வாளர்களின் வேலை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் பறவை முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டை என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே வருகின்றன. தெரிந்துகொள்ளுங்கள்.

வெயில் ஏறிய பிறகு மட்டும் போகவே போகாதீர்கள். மே மாதத்துப் பொட்டலில் வெறுங்காலை வைக்க முடியாது, அந்தத் தரையில்தான் முட்டை கிடக்கிறது. நடுப்பகலில் பறவை உட்கார்ந்திருப்பது முட்டைக்குச் சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. நீங்கள் பத்து நிமிடம் அங்கே நின்றால் அந்தப் பத்து நிமிடமும் முட்டை வேகும். புகைப்படக்காரர்கள் அதிகம் கெடுப்பது இப்படித்தான். கையால் தொடவே இல்லை என்பார்கள், அது உண்மையாகத்தான் இருக்கும், ஆனால் முட்டை பொரியாது.

8. நாள் கணக்குப் போடுங்கள்

ஆள்காட்டி அடைகாப்பது 28 முதல் 30 நாள். எல்லா முட்டையும் வைத்து முடித்த பிறகுதான் முறையாக அடை தொடங்கும். ஏப்ரல் 5-இல் நாலு முட்டையோடு பார்த்தீர்கள் என்றால், அன்றைக்கு எத்தனையாவது நாள் என்று தெரியாது, ஆனால் அதிகபட்சம் மே 5-க்குள் பொரித்தாக வேண்டும். காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிடுங்கள். உப்புக்கொத்திக்கு இதைவிடச் சில நாள் குறைவு.

இந்தக் கடைசித் தேதி கையில் இருந்தால்தான் மற்றவர்களிடம் பேச முடியும். "இங்க பறவை இருக்கு, வண்டி விடாதீங்க" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். "மே 5 வரைக்கும் இந்த மூலையை மட்டும் விட்டுடுங்க அண்ணாச்சி, அப்புறம் அள்ளிக்கோங்க" என்றால் கேட்பார்கள். நாள் சொன்னால் அது அவர்களுக்கும் ஒரு கணக்காகிவிடும்.

கரையிலிருந்து வாரம் இரண்டு முறை பாருங்கள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். பறவை உட்கார்ந்திருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான் எழுத வேண்டும். தினமும் போனால் நமக்குத் திருப்தி, பறவைக்குத் தொந்தரவு.

9. ஆடு, டிராக்டர், தண்ணீர்

ஆட்டுக்கு வேலி போட வேண்டாம். முள்ளை வெட்டி வட்டம் கட்டுவது குச்சி நடுவதைவிட மோசம். மேய்க்கிறவரைக் கரைக்குக் கூப்பிட்டு, அவர் நிற்கிற இடத்திலிருந்தே கூட்டுத் திசையைக் காட்டுங்கள். ஆடுகளை ஐம்பது அடி தள்ளித் திருப்பி ஓட்டுவது அவருக்கு ஒரு விசில் வேலை. ராத்திரி கிடை போடுவதாக இருந்தால்தான் ஆபத்து, நூறு ஆடு ஒரே இடத்தில் படுத்தால் தப்பாது. எந்த வயலில், எந்த மேட்டில் கிடை என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

டிராக்டரும் ஜேசிபியும் வந்தால் ஓட்டுநரிடம் நேரடியாகப் பேசுங்கள். முதலாளி சரி என்று சொல்லியிருப்பார், ஓட்டுநருக்குத் தெரிந்திருக்காது, அதனாலேயே போன கூடுகள் உண்டு. கூட்டைச் சுற்றி ஒரு அறை அளவுக்கு உழாமல், அள்ளாமல் தீவாக விட்டுவிட்டால் பெரும்பாலும் பறவை திரும்ப வந்து உட்காரும். வண்டி நகர்ந்து போன பிறகு அரை மணி நேரம் கரையில் இருந்து வந்து உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டுப் போங்கள். முட்டையை எடுத்து வேறு இடத்தில் வைக்கலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். கூடாது. அந்தப் பறவை இடத்தை அறிந்து வருகிறது, நகர்த்திய முட்டையைக் கைவிட வாய்ப்பு அதிகம். வேறு வழியே இல்லாத நிலை என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

ஐந்தாவது படியில் சொன்ன தண்ணீர்க் குட்டை. மீன் பிடித்து முடிப்பதற்காகக் கடைசித் தண்ணீரையும் மோட்டார் வைத்து இறைப்பார்கள். வயிறு நனைக்கப் பக்கத்தில் தண்ணீர் இல்லையென்றால் ஆள்காட்டி தூரம் போக வேண்டும், அந்த நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கும். பாசி ஏலம் எடுத்தவரிடம் ஒரு முழங்கால் பள்ளத்தை மட்டும் விடச் சொல்லிக் கேளுங்கள். மாட்டுக்கும் ஆகும் என்று சொன்னால் ஊரே சேர்ந்து கேட்கும்.

கோடைமழையில் குளத்துக்குத் தண்ணீர் வந்து கூடு மூழ்கினால் ஒன்றும் செய்ய முடியாது. மனம் தளர வேண்டாம், முதல் ஈட்டு முட்டைகள் போனால் இவை பெரும்பாலும் மறுபடி முட்டை வைக்கும். இரண்டு வாரம் கழித்து அதைவிட மேடான இடத்தில் தேடுங்கள்.

10. குஞ்சு இறங்கிய பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும்

பொரித்த குஞ்சுகள் இறகு காய்ந்ததும் எழுந்து நடந்துவிடும், கூட்டில் தங்காது. தாய் ஒரு குரல் கொடுத்தால் இருந்த இடத்திலேயே தரையோடு அப்பிக்கொள்ளும், நீங்கள் மிதிக்கிறவரை அசையாது. அதனால் காலண்டரில் வட்டமிட்ட நாளுக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்வாய்க்குள் யாரையும் இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள்.

தனியாகக் கிடக்கிற குஞ்சைத் தாய் விட்டுவிட்டுப் போனது என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கிறது. தாய் எங்கேயும் போகவில்லை, நீங்கள் நிற்பதால்தான் வராமல் இருக்கிறது. சோறும் பாலும் கொடுத்து அதை வளர்க்க முடியாது, அது பொரித்த அன்றிலிருந்தே தானாகப் பூச்சி பொறுக்கித் தின்கிற உயிர். எடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, கரைக்கு வந்து பாருங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய்.

ஒரு வாரம் கழித்துக் கூடு இருந்த இடத்தை ஒரு முறை போய்ப் பார்க்கலாம். குழிக்குள் அரிசிக் குறுணை அளவுக்கு ஓட்டுத் துகள் கிடந்தால் பொரித்திருக்கிறது, பெரிய ஓடுகளைத் தாய் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டுவிடும். மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தால் மிதிபட்டது அல்லது காக்கா குடித்தது. துகளே இல்லாமல் சுத்தமாக இருந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள், மனிதரோ கீரியோ. தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். நல்ல முடிவாக இருக்கட்டும் என்று ஊகித்து எழுதிய குறிப்பு அடுத்த வருஷம் யாருக்கும் உதவாது.

11. பதிவு செய்யும்போது

ஒரு கூட்டுக்கு நோட்டில் ஒரு பக்கம். பறவை, குளம், முதலில் பார்த்த நாள், முட்டை எண்ணிக்கை, தரை எப்படி (சரளையா, வண்டலா, உழவா), தண்ணீர் எவ்வளவு தூரம், ஒவ்வொரு முறை பார்த்ததும், முடிவு, முடிவுக்குக் காரணம். கூடே கிடைக்காத நடைகளையும் எழுதுங்கள். பத்து முறை போய் ஒன்றும் இல்லை என்பதும் ஒரு தகவல், அதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈ-பேர்ட் (eBird) செயலியில் பறவைப் பட்டியல் போடும்போது இனப்பெருக்கக் குறியீடு என்று ஒரு இடம் இருக்கும். முட்டையோடு கூடு, அடைகாக்கும் பறவை, திசைதிருப்பும் நடிப்பு என்று தனித்தனியாகக் குறிக்கலாம். நம் மாவட்டத்துப் பட்டியல்களில் பலரும் அதைத் தொடுவதே இல்லை. ஆனால் குஞ்சு இறங்குமுன் பதிவேற்றாதீர்கள், பருவம் முடிந்து ஜூலையில் மொத்தமாக ஏற்றினால் போதும். இடத்தைக் கூட்டுப் புள்ளியாக வைக்காமல் குளத்தின் பொதுப் புள்ளியாக வையுங்கள். வாட்ஸப்பில் கூட்டுப் படம் போடவே வேண்டாம், காலையில் போட்டால் மதியம் நாலு பைக் வந்து நிற்கும்.

குஞ்சு பறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அது பறந்ததும், ஒத்தப் பனையைக் காட்டிய அந்த அண்ணாச்சியிடம் போய் எத்தனை குஞ்சு தேறியது என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த பிப்ரவரியில் அவரே உங்களைக் கூப்பிட்டுச் சொல்வார், எந்தப் பக்கம் கத்துகிறது என்று.